ஒரே கோப்பில் கட்டிய நிரல்கள்: ஒரு திறனாய்வு

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாக ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலைமேல் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்கு எதைக் கொண்டு போனாலும் முழுமையாகக் கட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு பொருள் விட்டுப்போனால் மீண்டும் இறங்கி வந்து எடுப்பது எளிதன்று. கணிப்பொறி நிரல்களுக்கும் இவ்விதி பொருந்தும். பென் டிரைவில் எடுத்துச் செல்லும் நிரல் ஒன்று, மேலே சென்றபின் "இன்ன எழுத்துரு இல்லை, இன்ன நூலகம் இல்லை, இணையத்திலிருந்து இறக்கிக்கொள்க" என்று கூறுமானால், அதைச் சுமந்து சென்றதன் பயன் என்ன?

இந்தக் குறையைப் போக்குவன ஒற்றைக் கோப்பு நிரல்கள். நிரலுக்கு வேண்டிய படம், ஒலி, எழுத்துரு, அகராதி, தரவுத்தளம் ஆகிய அனைத்தும் நிரலின் உள்ளேயே பொதிந்து வைக்கப்படுகின்றன. பயன்படுத்துவோர் ஒரு கோப்பைப் படியெடுத்து, இருமுறை சொடுக்கினால் போதும். மாணவர்கள் எழுதும் நிரல்கள் பலவும் இன்று இவ்வடிவில்தான் கைமாறுகின்றன. இம்முறையின் நிறைகளைப் பலரும் பேசிவிட்டார்கள். உள்ளே கட்டிய பொதியை வட்டில் பிரிக்கும்போது நேரும் கேடுகளை அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. அவற்றை இங்கு ஆராய்வோம்.

பொதியில் இருப்பது கோப்பு அன்று

முதலில் ஓர் அடிப்படை உண்மையைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். நிரலுக்குள் ஒரு படக் கோப்பைப் பொதித்துவிட்டால், அதன்பின் அது கோப்பு அன்று. ஒரு பெரிய கோப்பின் நடுவே இருக்கும் பைட்டுகளின் வரிசையே அது. வட்டில் அதற்குத் தனிப் பெயரில்லை, முகவரியும் இல்லை. ஆகவே "இந்தப் பாதையில் உள்ள கோப்பைத் திற" என்று நிரல் கட்டளையிட்டால், அப்படி ஒரு கோப்பு இல்லை என்ற பிழைச் செய்திதான் வரும். நிரலாக்கம் பயிலும் மாணவர்கள் முதலில் திகைப்பது இந்த இடத்தில்தான். தம் கணிப்பொறியில் ஓடிய நிரல் நண்பர் கணிப்பொறியில் ஓடாததற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

இதற்கு வழிகள் இரண்டு. பைட்டு வரிசையை நேரே நினைவகத்தில் படித்துப் பயன்படுத்துவது ஒன்று. அதை வட்டில் ஒரு கோப்பாக எழுதி, அந்தக் கோப்பின் முகவரியைப் பயன்படுத்துவது மற்றொன்று. பின்னதையே பிரித்தெடுத்தல் என்கிறோம். பொதியிலுள்ள பாடநூலை வேறொரு நிரல் திறந்து காட்ட வேண்டுமானால், அந்த நிரலுக்கு முகவரி தேவை. இயந்திர மொழியில் அமைந்த துணை நூலகங்களை இயக்க அமைப்பு ஏற்றுவதற்கும் பொதுவாக முகவரி தேவை. இவ்விடங்களில் பிரித்தெடுத்தல் இன்றியமையாதது. இவை தவிர்ந்த பல இடங்களிலும் பழக்கத்தின் காரணமாக மட்டுமே பிரித்தெடுக்கிறார்கள். அதுவே நமது முதல் குற்றச்சாட்டு.

தேவையின்றிப் பிரித்தல்

தமிழ் எழுத்துருவையே எடுத்துக்கொள்வோம். விண்டோஸில் தமிழுக்கென எழுத்துரு இல்லாத 1990களில் தமிழ் நிரல்கள் தத்தம் எழுத்துருவைத் தாமே சுமந்து வந்தன. குறியீட்டு முறைகளும் பலவாக இருந்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டேம், டேப் என்னும் முறைகள் வகுக்கப்பட்டன. விண்டோஸ் 2000இல் லதா என்னும் எழுத்துரு இயக்க அமைப்போடு சேர்ந்தே வந்தது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையை ஏற்றது.

இவ்வளவுக்குப் பிறகும், அழகுக்காகத் தனி எழுத்துருவைப் பொதிக்கும் நிரலர்கள் பலர் அதை வட்டில் எழுதி, கணிப்பொறியின் எழுத்துருக் கோப்புறையில் சேர்க்கப் பார்க்கிறார்கள். பள்ளிக் கணிப்பொறியில் மாணவருக்கு அந்த உரிமை இராது. நிரல் அங்கேயே நின்றுவிடும். ஆனால் எழுத்துருவை நினைவகத்திலிருந்தே பதிவு செய்துகொள்ளும் வசதி விண்டோஸ் 2000 முதலே இருந்து வருகிறது. நிரல் ஓடும் வரையில் எழுத்துரு இருக்கும். நிரல் முடிந்ததும் நீங்கிவிடும். வட்டில் ஒரு பைட்டும் எழுத வேண்டியதில்லை. படம், ஒலி, சிறு அகராதிப் பட்டியல் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

தவறான இடத்தில் பிரித்தல்

பிரித்தெடுத்தே ஆக வேண்டும் என்றால், எங்கே பிரிப்பது? நிரல் இருக்கும் கோப்புறையிலேயே என்பது எளிய விடை. ஆனால் தவறான விடை. 2007இல் பொதுமக்களுக்கு வெளிவந்த விண்டோஸ் விஸ்டா முதல், நிரல்கள் நிறுவப்படும் கோப்புறையில் சாதாரணப் பயனர் எழுத இயலாது. எழுதுவதற்குத் தடையிட்ட பென் டிரைவிலும் இயலாது.

தற்காலிகக் கோப்புறை என்பது அடுத்த விடை. தற்காலிகமான பொருளுக்கு அது சரியான இடமே. ஆனால் அதன் பெயரை மறந்துவிடக்கூடாது. அங்குள்ளவற்றை இயக்க அமைப்பு எப்போது வேண்டுமானாலும் துடைத்துவிடலாம். லினக்ஸ் வகைகள் பலவற்றில் கணிப்பொறியை மீண்டும் இயக்கியவுடனேயே அக்கோப்புறை காலியாகிவிடும். பேண வேண்டிய எதையும் அங்கே வைப்பது, களத்துமேட்டில் விதைநெல்லைத் திறந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது போன்றது.

பாதுகாப்புக் கேடும் ஒன்று உண்டு. பைத்தான் நிரல்களை ஒற்றைக் கோப்பாகக் கட்டும் பைஇன்ஸ்டாலர் என்னும் கருவியில் 2019இல் ஒரு குறை கண்டறியப்பட்டது. விண்டோஸில் உயர் உரிமையுடன் ஓடும் ஒரு நிரல், எல்லோரும் எழுதக்கூடிய தற்காலிகக் கோப்புறையில் தன் பொதியைப் பிரித்தால், உரிமை குறைந்த வேறொருவர் அதன்வழியே அந்த உயர் உரிமையைப் பெற்றுவிட வாய்ப்பிருந்தது. கருவியின் 3.6ஆம் பதிப்பில் இக்குறை நீக்கப்பட்டது. பலரும் புழங்கும் இடத்தில் பிரித்து வைத்ததை ஆராயாமல் நம்பலாகாது என்பதே இதன் படிப்பினை.

"இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டல்

மூன்றாவது குறை நுட்பமானது. பல நிரல்கள் பின்வருமாறு எழுதப்படுகின்றன: கோப்பு வட்டில் இருக்கிறதா? இல்லையெனில் பிரித்தெடு. இருந்தால் பயன்படுத்து. படிக்கும்போது இதில் பிழையேதும் தோன்றாது.

மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊரில் இதை ஓட்டிப் பாருங்கள். 40 மெகாபைட் அளவுள்ள அகராதியில் 25 மெகாபைட் எழுதி முடித்த நொடியில் மின்சாரம் நின்றுவிடுகிறது. வட்டில் இப்போது கோப்பு இருக்கிறது. ஆனால் அது குறைக்கோப்பு. அடுத்த முறை நிரல் கேட்கிறது: கோப்பு இருக்கிறதா? இருக்கிறது. அன்று முதல் அகராதியின் பிற்பகுதிச் சொற்கள் எத்தனை முறை தேடினாலும் கிடைக்கமாட்டா. அல்லது நிரல் திறந்தவுடன் மூடிக்கொள்ளும். நிரலைப் புதிதாகப் படியெடுத்தாலும் குறை தீராது. ஏனெனில் பழுது நிரலில் இல்லை, பிரித்து வைத்த கோப்பில் இருக்கிறது. நிரலின் புதிய பதிப்பு வந்தாலும் இதே கதைதான். பழைய கோப்பு இருப்பதால் புதியது பிரிக்கப்படுவதில்லை.

தீர்வு கடினமானதன்று. முதலில் வேறொரு பெயரில் முழுவதும் எழுத வேண்டும். எழுதியதன் அளவையும் சரிபார்ப்பு எண்ணையும் பொதியிலுள்ள மூலத்தோடு ஒப்பிட வேண்டும். ஒத்திருந்தால் மட்டுமே உரிய பெயரை இட வேண்டும். கோப்புறையின் பெயரிலேயே பதிப்பு எண்ணையும் சேர்த்துவிட்டால், பழையதும் புதியதும் கலந்துபோகா.

விதையும் பயிரும்

நான்காவது குறையே எல்லாவற்றிலும் கொடியது. கொல்லிமலையில் சாமை, கேழ்வரகு, தினை முதலிய சிறுதானியங்களில் பல நாட்டு வகைகள் உண்டு. சடஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, சுண்டாங்கிக் கேழ்வரகு என அவற்றுக்குத் தனிப் பெயர்களும் உண்டு. மரவள்ளி பரவியதால் இவற்றின் சாகுபடி சுருங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இவ்வகைகளைக் காக்க அங்கு மக்களோடு சேர்ந்து உழைத்து வந்துள்ளது. ஊர் விதை வங்கிகளும் அமைக்கப்பட்டன. தானியத்தைச் சேமிக்கும் தொம்பை என்னும் குதிர் மலைமக்களின் பழைய வழக்கம். மேலும், 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் உள்ளாட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்கப்பட வேண்டும்.

இப்படிப்பட்ட பதிவேட்டுக்காக ஒரு மாணவர் நிரல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தானிய வகைகளின் தொடக்கப் பட்டியல் ஒரு தரவுத்தளமாக நிரலுக்குள் பொதிந்திருக்கிறது. நிரல் அதை வட்டில் பிரித்தெடுக்கிறது. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, எந்த வகை எந்த மண்ணுக்கு ஏற்றது, எத்தனை மாதத்தில் விளையும், சமைத்தால் எப்படியிருக்கும் என்பனவற்றை அதில் சேர்த்துக்கொண்டே போகிறார்கள்.

பிரித்த அந்தக் கணத்தில் அது விதை. முதல் குறிப்பைச் சேர்த்த கணத்திலிருந்து அது பயிர். நிரலருக்குச் சொந்தமன்று, சேர்த்தவர்களுக்குச் சொந்தம். இந்த வேறுபாட்டை உணராத நிரல் இருவகையில் அழிவு செய்யும். புதிய பதிப்பு ஓடும்போது பொதியிலுள்ள தொடக்கப் பட்டியலைப் பழையதன் மேலேயே மீண்டும் எழுதிவிடும் என்பது ஒன்று. மற்றொன்று இன்னும் மோசமானது. பைஇன்ஸ்டாலரின் ஒற்றைக் கோப்பு முறையில், நிரல் ஓடும்போது பிரிக்கப்படும் கோப்புறை, நிரலை மூடியதும் நீக்கப்படும். தரவுத்தளத்தை அங்கேயே வைத்து எழுதினால், அன்று சேர்த்ததெல்லாம் அன்றைக்கே போய்விடும். சேமித்ததாகத் திரையில் செய்தி வரும். மறுநாள் பார்த்தால் தொடக்கப் பட்டியல் மட்டுமே இருக்கும். வயது முதிர்ந்த ஒருவர் சொன்ன குறிப்பை மீண்டும் கேட்டுப் பெறலாம் என்பதற்கு என்ன உறுதி?

எனவே மாறாத பொருளையும் வளரும் பொருளையும் பிரித்து வையுங்கள். முதலாவது எத்தனை முறை வேண்டுமானாலும் பொதியிலிருந்து வரலாம். இரண்டாவது, பயனருக்கென இயக்க அமைப்பு ஒதுக்கியுள்ள கோப்புறையில் ஒரே ஒருமுறை பிரிக்கப்பட வேண்டும். அதன்பின் நிரல் அதைத் திருத்தலாம், மேலெழுதலாகாது.

கருவிகளைப் பற்றிய மதிப்பீடு

இக்கட்டுக் கருவிகளை எவ்வாறு மதிப்பிடுவது? பைஇன்ஸ்டாலர் தன் வேலையை மறைப்பதில்லை. ஒற்றைக் கோப்பு சற்று மெதுவாகத் தொடங்கும் என்றும், முதலில் கோப்புறை வடிவில் கட்டிச் சரிபார்த்துக்கொள்க என்றும் அதன் கையேடே கூறுகிறது. ஆனால் ஓடும் ஒவ்வொரு முறையும் முழுப் பொதியையும் பிரிக்கிறது. 80 மெகாபைட் பொதியை நாளுக்குப் பத்து முறை திறந்தால் 800 மெகாபைட் எழுதப்படும். பழைய வட்டுள்ள கணிப்பொறிக்கு இது சுமை. நிரல் இடையில் முறிந்தால் பிரித்தவை குப்பையாகத் தங்கிவிடும்.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட் கோர் 3.0, 2019 செப்டம்பரில் வந்தபோது, ஒற்றைக் கோப்பு நிரலை முதல்முறை ஓடும்போது வட்டில் பிரித்து வைத்து, பின்னர் அதையே பயன்படுத்தியது. 2020 நவம்பரில் வந்த டாட்நெட் 5இல் இம்முறை மாறியது. டாட்நெட் நூலகங்கள் பிரிக்கப்படாமல் நினைவகத்திலேயே ஏற்றப்பட்டன. இயந்திர மொழி நூலகங்களைப் பிரிப்பது நிரலர் தேர்ந்துகொள்ளும் வசதியாக ஆயிற்று. பிரிக்காமல் இருக்க முடிந்தால் பிரிக்காதே என்ற கொள்கைக்கு இம்மாற்றம் நல்ல சான்று. இவ்வகையில் பின்னதே மேலான வடிவமைப்பு என்பது நமது முடிவு.

ஆயினும் எந்தக் கருவியும் விதை எது, பயிர் எது என்று தானே அறியாது. அதை நிரல் எழுதுபவர்தான் சொல்ல வேண்டும்.

நீங்களே சோதிக்கலாம்

உங்கள் கணிப்பொறியின் தற்காலிகக் கோப்புறையைத் திறந்து பாருங்கள். எம்.இ.ஐ. என்ற ஆங்கில எழுத்துகளையும் சில எண்களையும் பெயராகக் கொண்ட கோப்புறைகள் தென்பட்டால், அவை ஏதோ ஒரு பைத்தான் நிரல் விட்டுச்சென்ற மிச்சம். நீங்கள் எழுதிய நிரலையும் இவ்வாறு சோதியுங்கள். இணைப்பைத் துண்டித்துவிட்டு, உயர் உரிமையில்லாத கணக்கில் ஓட்டுங்கள். பிரித்துக்கொண்டிருக்கும்போதே நிரலை நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள். சில குறிப்புகளைச் சேர்த்துவிட்டு, பதிப்பு எண்ணை மாற்றி மறுபடியும் ஓட்டுங்கள். சேர்த்த குறிப்புகள் அப்படியே இருக்கின்றனவா?

இருக்குமானால், உங்கள் நிரலை 70 வளைவுகளையும் கடந்து தாராளமாகக் கொண்டு செல்லலாம்.