கரைக்கு ஒரு பெயர்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளில், ஜமுக்காளத்தின் மேல் புடவை சரசரவென்று விரியும்போது கூடவே ஒரு பெயரும் வந்து விழும். மயில்கண், ருத்ராட்சம், மல்லிமொக்கு, வைர ஊசி, தாழம்பூ ரேக்கு. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இந்தப் பெயர்கள் போதும். ‘ருத்ராட்சக் கரை, அரக்கு உடல்’ என்றால் அடுக்கிலிருந்து சரியான புடவை வந்துவிடும். எம்.எஸ். நீலம் என்றால் எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திய அந்த நீலம்தான், விளக்கம் வேண்டாம்.

நெசவு முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டின் ஊடையும் ஒவ்வொரு வரியிலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். இதற்குத் தறியில் மூன்று நாடாக்கள் ஓடும், நெய்பவருக்குப் பக்கத்தில் உதவிக்கு இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத் தெருக்களில் நடந்தால் அந்தச் சத்தம் கேட்கும்: நாடா ஓடும் சர்ர், பலகை இடிக்கும் தட். இருவர் கையும் ஒரே தாளத்தில் போனால்தான் கரை நெளியாமல் நிற்கும். அந்த இணைப்பைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். இலேசான மேடு தட்டுப்படும், பிசிறு இருக்காது. முந்தி தொடங்கும் இடத்தில் பேட்னி. அங்கே புது நிறப் பாவைப் பழைய பாவோடு இழை இழையாகப் பிணைக்கிறார்கள். எத்தனை பொறுமை வேண்டும்! அடுத்த முறை புடவை எடுக்கும்போது விலைச்சீட்டைப் பார்க்குமுன் கரையின் பெயரைக் கேளுங்கள், பிறகு மறுபக்கத்தையும் புரட்டிப் பாருங்கள்.