மகுடங்களுக்கு மேலே ஓர் எழுத்து வரி

பைத்துல் முகத்தஸிலுள்ள குப்பத்துஸ் ஸக்ரா, கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் எழுப்பியது. அதன் உட்புறத்தை அணிசெய்யும் கண்ணாடிச் சில்லு ஓவியங்களை, பைசாந்தியக் கலையின் ஒரு கிளை என்று கூறிக் கடந்துவிடும் மேலைநாட்டு ஆய்வாளர் உண்டு. அதை மறுக்கும் வேகத்தில், பெற்ற கடனையே மறைத்துவிடும் நம்மவரும் உண்டு. இரண்டும் முறையன்று.

கடன் உண்மையே. இக்கலையைக் குறிக்கும் 'ஃபுஸைஃபிஸா' எனும் அரபிச் சொல்லின் வேரே கிரேக்கத்தில் இருக்கிறது. வண்ணக் கண்ணாடியைச் சிறு சில்லுகளாக நறுக்குவதும், பொற்றகட்டைக் கண்ணாடிப் படலங்களுக்கிடையே பொதிவதும், ஈரச் சாந்தில் பதிப்பதும் இஸ்லாத்திற்கு முன்பே முதிர்ந்திருந்த தொழில்நுட்பங்கள். ஓவியங்களில் காணும் மகுடங்கள் பைசாந்தியருடையவை. சிறகு வடிவங்கள் ஸாஸானியருடையவை.

ஆனால், எது பெறப்பட்டது என்பதைப் போலவே எது விலக்கப்பட்டது என்பதும் திறனாய்வுக்குரிய கேள்வியாகும். இத்தாலியின் ரவென்னாவில், ஆறாம் நூற்றாண்டுத் தேவாலயச் சுவரில், பேரரசர் ஜஸ்டினியன் முடிசூடி நிற்கிறார். குப்பத்துஸ் ஸக்ராவிலோ மகுடம் உண்டு. அதைச் சூடிய தலை இல்லை. மனித உருவமோ விலங்குருவமோ எங்குமில்லை.

இம்மகுடங்களை, வெல்லப்பட்ட அரசுகளின் சின்னங்களாகக் கண்டார் ஓலெக் கிராபார். ஏற்கத்தக்க கருத்தே. எனினும், அவற்றுக்கு மேலே நீலப் பின்னணியில் ஓடும் பொன்னெழுத்துகளையும் சேர்த்து வாசித்தால்தான் பொருள் நிறைவுறும். எண்கோண வளைவு வரிசையின் இருமுகங்களிலுமாக ஏறத்தாழ 240 மீட்டர் நீளும் அந்தக் கூஃபி வரியில் அந்நிஸா, மர்யம், ஆலு இம்ரான் அத்தியாயங்களின் வசனங்கள் உள்ளன. ஈஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வின் தூதரே என்று வேதமுடையோரை நோக்கி அது பேசுகிறது. ஆட்சி அல்லாஹ்வுக்கே உரியது என்றும் சாற்றுகிறது. அவ்வரியின் கீழே அரச மகுடங்கள் வெறும் அணிகலன்களாகத் தொங்குகின்றன. சில்லுகள் எங்கிருந்து வந்தாலென்ன? அவற்றைக் கோத்த கருத்து தவ்ஹீதினுடையது.

இவ்வரி, கட்டியவரையும் விட்டுவைக்கவில்லை. பிற்காலத்தில் அப்துல் மலிக்கின் பெயர் பெயர்க்கப்பட்டு, அப்பாஸியக் கலீஃபா அல்மஃமூனின் பெயர் பதிக்கப்பட்டது. குறுகிய இடத்தில் எழுத்துகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஆனால் ஹிஜ்ரி 72 (கி.பி. 691-92) என்ற ஆண்டு மாற்றப்படவில்லை, பெயர் மாற்றத்தை அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது. கலீஃபாக்களின் பெயர் இடம் மாறிய அதே சுவரில், இறைவசனங்கள் பதித்தபடியே நிற்கின்றன.