எக்கோவுக்குக் காது கொடுப்பது எப்படி?

மலையில் நின்று கூவினால் திரும்பி வருகிற குரலுக்குக் கிரேக்கர்கள் ஒரு பெண்ணுருவம் கொடுத்திருந்தார்கள். பெயர் எக்கோ. 'ஓரியாட்' எனப்படும் மலையணங்குகளில் ஒருத்தி. கிரேக்கத்தில் 'ஓரோஸ்' என்றால் மலை. அழகன் நார்சிசஸ் குளத்தில் தன்னையே பார்த்து மயங்கினான், அவனை விரும்பிய எக்கோ உருகிப்போனாள் என்று இரண்டு வரியில் இவள் கதையை முடித்துவிடுவார்கள். அப்படிப் படித்தால் ருசியே தெரியாது.

கி.பி. 8 வாக்கில் ரோமானியக் கவிஞர் ஓவிட் முடித்த 'உருமாற்றங்கள்' காவியத்தின் மூன்றாம் பகுதிக்குப் போங்கள். முதலில் சாபத்தைக் கவனியுங்கள். சீயஸ் மலையணங்குகளோடு களித்திருக்கும்போது அவன் மனைவி ஹீரா வந்துவிடாதபடி, எக்கோ பேச்சுக் கொடுத்தே அவளை நிறுத்திவைப்பாள். விஷயம் தெரிந்ததும் ஹீரா அந்த நாக்கையே தண்டித்தாள்: இனி நீயாக எதுவும் பேச முடியாது, பிறர் சொன்னதன் கடைசிச் சொற்களைத்தான் திருப்பிச் சொல்லலாம்.

இவள் வெறும் கிளிப்பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். வாக்கியத்தின் முன்பாதி உதிர்ந்துவிடுகிறது. மிஞ்சிய வாலில்தான் இவள் மனது இருக்கிறது. காட்டில் வழி தவறிய நார்சிசஸ், முகம் தெரியாத குரலைச் சந்திக்க அழைக்கிறான். அவன் சொல்லும் லத்தீன் வினைக்கு, நம்முடைய 'கூடுவோம்' போலவே இரண்டு பொருள். அவன் ஒன்றை நினைத்துச் சொல்கிறான். இவள் மற்றதை நினைத்துத் திருப்புகிறாள். இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு அதிர்ஷ்டம். அடுத்த இடத்தில் இல்லை. அவன் வெறுத்து விலகும் வாக்கியத்தில் மறுப்பு முன்னால் வருகிறது. அது உதிர்ந்ததும் மிஞ்சுவது சம்மதம். தமிழிலோ மறுப்பு 'மாட்டேன்' என்று வாலில் வந்து உட்காரும். நம் எக்கோ தன்னையே மறுத்துக்கொள்ள வேண்டியதுதான்! மொழிபெயர்ப்பைப் படிக்கும்போது, மொழிபெயர்த்தவர் இந்த முடிச்சை எப்படி அவிழ்த்திருக்கிறார் என்று பாருங்கள்.

பிறகு அவள் குகைக்குள் ஒளிந்து இளைக்கிறாள். எலும்பு கல்லாகிறது, குரல் மட்டும் தங்குகிறது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள பூசானின் ஓவியம் இந்தக் கணத்தைப் பிடித்திருக்கிறது. முன்னால் கிடக்கும் நார்சிசஸின் உடல் வெளிச்சத்தில் துலங்க, பின்னால் பாறையில் சாய்ந்த எக்கோ பாறையின் நிறத்துக்கே மங்கிக்கொண்டிருப்பாள். 1903-இல் வாட்டர்ஹவுஸ் வரைந்த ஓவியம்தான் அதிகப் பிரபலம். அழகான படம், ஆனால் அதில் அவளுக்குச் சதை சற்று அதிகம், ஏக்கத்தைக் காணலாம், குரலைக் கேட்க முடியாது.

லாங்கஸ் எழுதிய 'டாஃப்னிஸும் குளோயியும்' கதையில் வரும் எக்கோ வேறு. பாடகியான அவள் பான் தேவனுக்கு மசியவில்லை; அவன் வெறியேற்றிய இடையர்கள் அவளைப் பிய்த்தெறிகிறார்கள். மண்ணுக்குள் போன துண்டுகள் இன்னும் பாடுகின்றன. ஓவிட்டைப் படித்த கையோடு இதையும் படியுங்கள்.

ஓவிட்டை மட்டும் மனதுக்குள் படிக்காதீர்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, நார்சிசஸின் வரிகளை நீங்கள் உரக்கப் படியுங்கள். எக்கோவாக இருப்பவர் கையில் புத்தகம் வேண்டாம்.