வினைத்தொகைக்கு நிரல் இல்லை

திட்ட மேலாண்மை மென்பொருளின் பணி அட்டையையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். ட்ரெல்லோ, ஜிரா போன்றவற்றைத் திறந்தால் முதலில் தெரிவது ஒரு பலகை. அதில் அடுத்தடுத்து நிரல்கள், ஒவ்வொரு நிரலிலும் மேலிருந்து கீழாக அட்டைகள். நிறுவனத்துக்கு நிறுவனம் நிரல்கள் கூடலாம், குறையலாம். அடிப்படை மூன்றுதான்: செய்ய வேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, முடித்தவை. ஒவ்வொரு அட்டைக்கும் தலைப்பு உண்டு, பொறுப்பாளர் உண்டு, கெடு தேதி உண்டு. வேலை நகர நகர அட்டையை இடமிருந்து வலமாக இழுத்து வைக்கிறோம். கடைசி நிரலுக்குப் போன அட்டையைப் பின்பு காப்பகத்துக்கு அனுப்பிவிடுகிறோம்.

இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த மூன்று நிரல்களும் பழகியவை. எதிர்காலம், நிகழ்காலம், இறந்தகாலம். வினைமுற்று காலத்தைக் காட்டும். செய்தவர் யார் என்பதையும் விகுதியில் காட்டிவிடும். அட்டை கேட்பதும் இவ்விரண்டையே: யார், எப்போது. இரண்டுக்கும் பதில் உள்ள வேலை மட்டுமே பலகையில் ஏறும். ஆகவே பலகை என்பது வினைமுற்றுகளின் உலகம்.

ஆனால் தமிழில் வினைத்தொகை என்று ஒன்று இருக்கிறது. ஊறுகாய் என்கிறோம். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்றாகவும் அது விரியும். மூன்று காலமும் ஒரு சொல்லுக்குள் மறைந்து கிடக்கின்றன. வீட்டில் பெண்கள் செய்யும் வேலையில் பெரும்பகுதி இந்த இலக்கணத்தைச் சேர்ந்தது. படுக்கையில் கிடக்கும் மாமனாரைப் பார்த்துக்கொள்வதை ஓர் அட்டையாக எழுதிப் பாருங்கள். கெடு தேதி என்ன போடுவது? 'முடித்தவை' என்ற நிரலுக்கு அந்த அட்டையை இழுக்கக்கூடிய நாள் ஒன்றுதான் இருக்கிறது. அந்த நாளை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

திரும்பத் திரும்ப வரும் வேலைகளுக்கு மென்பொருளில் வழி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. தினமும் காலை ஆறு மணிக்கு அதே அட்டை புதிதாக முளைக்கும்படி அமைத்துவிடலாம். அப்படி முளைப்பது தனித்தனி அட்டை. இன்றைக்கு மாத்திரை கொடுத்தது ஒன்று, நாளைக்குக் கொடுப்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே இரவு முழுக்க ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறாளே, அது எந்த அட்டையிலும் வராது.

இந்த அட்டைக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. ஜப்பானிய மொழியில் கான்பன் என்றால் அறிவிப்புப் பலகை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் டொயோட்டா தொழிற்சாலையில் தைச்சி ஓனோ என்ற பொறியாளர் இந்த முறையை வளர்த்தெடுத்தார். அமெரிக்க சூப்பர் மார்க்கெட் அவருக்குத் தூண்டுதல். வாடிக்கையாளர் தட்டிலிருந்து எடுத்த பொருளை மட்டும் கடைக்காரர் மறுபடி நிரப்புகிறார். அதேபோல, அடுத்த கட்டத் தொழிலாளி உதிரிபாகங்களை எடுக்கும்போது அவற்றோடிருந்த அட்டை பின்னோக்கிப் போகும். அட்டை வந்தால்தான் முந்தைய கட்டத்தில் உற்பத்தி. பருப்பு டப்பாவின் அடி தெரியத் தொடங்கும்போதே மளிகைச் சீட்டில் அதை எழுதிவிடும் பெண்ணுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. அவள் வீட்டில் அட்டையும் அவளேதான்.

2000-களில் மென்பொருள் உலகம் கான்பனை எடுத்துக்கொண்டது. 2011-இல் வந்த ட்ரெல்லோ அதை எல்லார் கைக்கும் கொண்டு சேர்த்தது. இன்று நம் கல்லூரிகளிலிருந்து ஐ.டி. வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் முதலில் பார்ப்பது இப்படி ஒரு பலகையைத்தான். அங்கே அட்டையை 'டிக்கெட்' என்பார்கள். ஆண்டு இறுதியில் மதிப்பிட உட்காரும்போது இந்த டிக்கெட்டுகளும் பேசும். எத்தனை முடித்தாய், எவ்வளவு விரைவாக முடித்தாய்? புதிதாகச் சேர்ந்தவருக்கு அரை நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது, கூட்டத்துக்குக் குறிப்பெடுத்தது, முறைத்துக்கொண்ட இருவரைப் பேசவைத்தது, இவை பெரும்பாலும் டிக்கெட் ஆவதில்லை.

இவற்றை யார் செய்கிறார்கள்? லிண்டா பாப்காக்கும் மூன்று ஆய்வாளர்களும் அமெரிக்காவில் நடத்திய சோதனைகளின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. யாராவது ஒருவர் செய்தாக வேண்டும், செய்பவருக்குப் பெரிய லாபமில்லை என்ற மாதிரியான வேலைக்கு, ஆண்களும் பெண்களும் கலந்த குழுவில் பெண்களே அதிகம் முன்வந்தார்கள். கேட்கப்படுவதும் பெண்கள்தான் அதிகம். ஆனால் ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களில் அந்த வேலை நின்றுபோகவில்லை. அவர்களே முன்வந்து செய்தார்கள். ஆகவே இது பெண்ணின் சுபாவம் என்று சொல்ல இடமில்லை. பக்கத்தில் ஒரு பெண் இருக்கிறாள், அவள் செய்துவிடுவாள் என்ற எதிர்பார்ப்புதான் வேலையைப் பங்கிடுகிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் அட்டையாக்கிவிட்டால் போதுமா? வீட்டுக்கும் ஒரு பலகை வைத்துவிடலாமா? இந்த யோசனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1912-இல் கிறிஸ்டின் ஃபிரெடெரிக் அமெரிக்காவின் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' இதழில் எழுதிய கட்டுரைகளில், டெய்லரின் தொழிற்சாலை மேலாண்மையைச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். அசைவுகளைக் குறை, நேரத்தைக் கணக்கிடு, வீட்டுத் தகவல்களை அட்டைகளில் வரிசைப்படுத்து என்றார். அவர் நோக்கம் பெண்ணின் களைப்பைக் குறைப்பதுதான். நடந்தது வேறு. தொழிற்சாலையில் மேலாளர் ஒருவர், தொழிலாளி வேறொருவர். வீட்டிலோ மேலாளரும் அவள், தொழிலாளியும் அவள். அட்டை எழுதும் வேலையும் அவள் தலையில் சேர்ந்தது. பின்னாளில் வீட்டுக் கருவிகளின் வரலாற்றை எழுதிய ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன், 1983-இல் வந்த தம் நூலில், கருவிகள் பெருகியும் இல்லத்தரசியின் வேலை நேரம் சுருங்கவில்லை என்று காட்டினார்.

இன்றைய குடும்பச் செயலிகளிலும் இதே கதை நடக்கலாம். 'தண்ணீர் கேன் சொல்லு' என்ற அட்டையைக் கணவன் செய்து முடித்து நகர்த்திவிடுவான். கேன் காலியாகப்போவதைக் கவனித்தது யார்? அட்டை எழுதியது யார்? செய்தானா என்று மாலையில் பார்த்தது யார்? 'சொல்லியிருந்தால் செய்திருப்பேனே' என்ற வாக்கியத்தை வைத்து எம்மா என்ற பிரெஞ்சு ஓவியர் 2017-இல் ஒரு சித்திரக்கதை வரைந்தார். சொல்வதும் ஒரு வேலை என்பதே அதன் சாரம். பொறுப்பாளர் என்ற இடத்தில் அவன் பெயர் இருக்கிறது. பொறுப்பு அவளிடமே இருக்கிறது.

கணக்கெடுப்புக்கும் இதே இடர் உண்டு. இந்தியாவின் 2019 காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒரு நாளை அரை மணி நேரக் கட்டங்களாகப் பிரித்துக் கேட்டது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஈடுபடும் ஆண் 97 நிமிடமும் செலவிடுவதாக அது சொன்னது. நம் கையில் இருக்கவேண்டிய எண்கள் இவை. ஆனால் குழம்பைக் கிளறிக்கொண்டே நாளைய ஃபீஸ் கெடுவை நினைத்துக்கொண்டது எந்தக் கட்டத்திலும் விழுந்திருக்காது.

எனவே வேலையை அட்டையில் ஏற்றுவது பாதி நியாயம்தான். மறுபாதி கான்பனுக்குள்ளேயே இருக்கிறது, பலரும் அதை மறந்துவிட்டார்கள். மென்பொருள் கான்பனில் அட்டையைவிட முக்கியமானது வரம்பு. 'செய்துகொண்டிருப்பவை' நிரலில் இத்தனை அட்டைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று முதலிலேயே எண் குறித்துவிடுவார்கள். நிரல் நிரம்பிவிட்டால் புதிய வேலையை உள்ளே எடுக்க முடியாது. இருப்பதில் ஒன்று முடிய வேண்டும். பல அலுவலகங்கள் அட்டையை வைத்துக்கொண்டு இந்த எண்ணைக் கைவிட்டுவிட்டன. வீடு அந்த எண்ணை எழுதியதே இல்லை.

வேலைக்குப் போகும் மாணவிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். பலகையைப் பார்க்கும்போது அட்டை ஆகாத வேலை எது, அதை யார் செய்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் நிரலின் எண் என்ன என்றும் கேளுங்கள். 'எனக்கு நிரம்பிவிட்டது' என்று ஓர் இயந்திரப் பட்டறை சொல்லலாம் என்றால், ஒரு பெண்ணும் சொல்லலாம்.