லபோவின் தீவு: உள்ளூர்க்காரரை எப்படி அளப்பது?

சமூக மொழியியலுக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் கையில் கொடுக்கப்படுவது, வில்லியம் லபோவ் 1963-ல் வெளியிட்ட மார்த்தாஸ் வின்யார்ட் கட்டுரை. மொழிக்கு வருமுன் லபோவ் பல வருஷம் வேதியியல் தொழிலில் இருந்தவர். வேறு துறையில் பிழைப்பு நடத்திக்கொண்டு மொழியைத் துரத்துகிற என்னைப் போன்றவங்களுக்கு அதனாலேயே அவர்மேல் தனிப் பிரியம். ஆனாலும் அந்தக் கட்டுரையில் ரெண்டு இடம் உறுத்துகிறது.

முதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்குத் தெற்கே உள்ள தீவு அது. 1960 வாக்கில் நிரந்தரமாக வசித்தவர்கள் சுமார் 6,000 பேர்; கோடையில் வந்து குவிந்தவர்கள் 40,000-க்கும் மேல். தீவின் கிழக்குப் பக்கம் 'டவுன்-ஐலண்ட்': துறைமுகம், கடைகள், சுற்றுலாக் கூட்டம். மேற்குப் பக்கம் 'அப்-ஐலண்ட்': பண்ணைகள், சில்மார்க் மீனவர்கள். இந்த மேல்-கீழ் மேடுபள்ளம் பார்த்து வைத்ததல்ல; மேற்கே போகப்போகத் தீர்க்கரேகை எண் ஏறும் என்ற மாலுமிக் கணக்கு என்பார்கள்.

'ரைட்', 'ஹவுஸ்' போன்ற சொற்களின் உயிரொலியைச் சிலர் வாயை அகலத் திறக்காமல், நாக்கைச் சற்று உயர்த்தித் தொடங்கினார்கள். லபோவ் 69 பேரைப் பேசவைத்து இதை எண்ணாக்கினார். 'ரைட்' ஒலிக்கு டவுன்-ஐலண்ட் 35, அப்-ஐலண்ட் 61, சில்மார்க் மட்டும் 100. வயதில் பார்த்தால் 31-லிருந்து 45 வரை உள்ளவர்களிடம்தான் உச்சம். மீன்பிடி நொடிக்கிறது, நிலம் வெளியாட்கள் கைக்குப் போகிறது. 'இது எங்க ஊர்' என்பதை அவர்கள் வாய் தானாகச் சொல்லியது. பிரமாதமான கண்டுபிடிப்பு. இன்னிக்கும் நிற்கிறது.

உறுத்தல் ஒன்று: தீவின்மேல் பிடிப்பு உள்ளவர்கள் 40 பேர், சராசரி 63. நடுநிலை 19 பேர், 32. பிடிக்காதவர்கள் 6 பேர், வெறும் 9. அழகான சரிவுதான். ஆனா அந்த 6-ஐப் பாருங்க. எங்க வேலையில் ஒரு சர்வே வந்தால், பதில் சொல்லாதவர் யார் என்றுதான் முதலில் கேட்போம். தீவு பிடிக்காதவர்களில் பலர் முன்பே படகேறியிருப்பார்கள். பிடிப்பு என்று லபோவ் அளந்ததில், தங்க வசதி வாய்த்ததும் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

இரண்டாவது இன்னும் பெரிது. மேற்கு முனையில், அன்று கே ஹெட் என்று பெயர் கொண்டிருந்த ஊரில், வாம்பனோவாக் பழங்குடியினர் இருக்கிறார்கள். தீவுக்கு அவர்கள் இட்ட பெயர் நோயெப்பே. லபோவ் அவர்களை விட்டுவிடவில்லை. இந்த ஒலி அவர்களிடமும் ஏறுவதைப் பதிவு செய்து, அதுவும் ஓர் உரிமைக் குரல்தான் என்றார். ஆனால் அளவுகோல் ஆங்கிலம். தீவின் மூத்த குடி, பின்னால் வந்தவர்களின் உயிரொலியில் தான் உள்ளூர் என்று காட்ட வேண்டியிருந்தது. அவர்களுடைய சொந்த மொழி அப்போது பேச ஆளில்லாமல் இருந்தது. அந்த மௌனம் எந்த அட்டவணையிலும் ஏறாது.

பின்பு நடந்ததையும் சேர்த்துப் படிக்கணும். 1987-ல் அந்தப் பழங்குடிக்கு அமெரிக்க அரசின் அங்கீகாரம் கிடைத்தது. 1990-களில் வாம்பனோவாக் மொழியை மீட்கும் முயற்சி, பழைய ஆவணங்களை வைத்தே தொடங்கியது. கே ஹெட் என்ற பெயரும் அக்வின்னா என்று மாறியது.

ஒரு ஊரைச் சேர்ந்தவர் என்பதை உச்சரிப்பில் கேட்க முடியும் என்று லபோவ் காட்டினார். யாருடைய உச்சரிப்பை அளவாக வைக்கிறோம் என்பதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.