வாகை மரத்தடியில் சீதை

ஒன்பதாம் வகுப்பில் கம்பன் பாடல்களை நடத்தி முடித்த அன்று, பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். "முடிசூட்டு விழாவுக்குப் பிறகு சீதைக்கு என்ன ஆயிற்று, ஐயா?" என்று கேட்டாள். கம்பன் முடிசூட்டு விழாவோடு காவியத்தை நிறுத்திக்கொண்டான். பாடமும் அங்கேயே நின்றது. கதை முடிந்துவிட்டது, உட்கார் என்று சொல்லும் வசதி ஆசிரியனுக்கு உண்டு. நாமும் அதையே சொன்னோம். ஆனால், கதை முடியவில்லை என்பது நமக்குத் தெரியும். வயிற்றிலே கருவோடு இருந்தவளைத் தேரேற்றிக் கொண்டுபோய் ஆற்றங்கரையிலே விட்டுவிட்டு வந்த கதையை, பதினான்கு வயதுப் பெண்ணிடம் சொல்ல நமக்கு நா எழவில்லை. அதுதான் உண்மை.

அந்த வெட்கம் நம்மை ஒரு நூலிடம் கொண்டு சேர்த்தது. அது தமிழ் நூலன்று. அண்டை வீட்டு நூல். குமாரன் ஆசான் மலையாளத்தில் இயற்றி 1919-இல் வெளியிட்ட 'சிந்தாவிஷ்டயாய சீதா'. சிந்தனையில் ஆழ்ந்த சீதை என்று நாம் சொல்லலாம். மொத்தம் 192 பாடல்களே கொண்ட சிறு காவியம். 2019-இல் அதன் நூற்றாண்டைக் கேரளத்தார் கொண்டாடினர். சுகுமார் அழிக்கோடு இந்த ஒரு காவியத்தைப் பற்றி மட்டுமே 1954-இல் ஒரு முழு நூல் எழுதினார். அண்டை வீட்டார் இத்தனை போற்றும் காவியத்தைத் தமிழ் கற்பிக்கும் நாம் இத்தனை காலம் தொட்டும் பாராதிருந்தோம். மலையாளத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவே நமக்கு வரும். பாலக்காட்டு நண்பர் ஒருவர் உடனிருந்து உரை சொல்ல, பல மாலைகள் செலவிட்டுப் படித்தோம்.

காவியத்துக்குள் புகுமுன், வால்மீகியின் உத்தர காண்டத்தை ஒரு முறை புரட்டிப் பார்ப்பது நல்லது. அது பின்னாளில் சேர்க்கப்பட்ட பகுதி என்போர் உண்டு. இருக்கட்டும். சேர்த்தவன் எவனாயினும், நாடு அதை நம்பிற்று, மேடையிலே பாடிற்று, ஆகவே அதற்கு நாடு பொறுப்பு.

சீதை காடு சென்றது இரு முறை. முதல் முறை அவளை எவரும் போகச் சொல்லவில்லை. 'வேண்டாம்' என்றவனிடம் வாதாடி, கணவனோடு தானே நடந்தாள். பதினான்கு ஆண்டுகள் விதிக்கப்பட்டது இராமனுக்கு. அதிலே அவள் பங்கு கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டாம் முறை அப்படியன்று. ஊரார் பேச்சைப் பத்திரன் என்பவன் வந்து சொல்கிறான். அரசன் தம்பியரை அழைக்கிறான், முடிவைச் சொல்கிறான், மறுத்துப் பேசக்கூடாதென்று தடையும் விதிக்கிறான். மனைவியை மட்டும் அழைக்கவில்லை. கங்கைக் கரையிலுள்ள முனிவர் குடில்களைக் காண வேண்டுமென்று அவள் முன்பே ஆசையாகச் சொல்லியிருந்தாள். அந்த ஆசையையே வாகனமாக்கி அவளை அனுப்பினான். ஆற்றைக் கடந்து அக்கரை சேர்ந்த பிறகுதான் இலக்குவன் வாய் திறந்து உண்மையைச் சொன்னான். இராமன் காடு சென்றபோது உடன்செல்ல ஒருத்தி இருந்தாள். அவள் காடு சென்றபோது உடன்சென்றவை கருவிலிருந்த குழந்தைகள் மட்டுமே.

பிறகு? இங்கேதான் வாசகர் கவனிக்க வேண்டும். அந்தப் பெண் எப்படி வாழ்ந்தாள், என்ன நினைத்தாள், யாரை நொந்தாள் என்று மூல நூல் சொல்வது மிக மிகக் குறைவு. பிள்ளை பெற்ற இரவு ஒன்று வருகிறது. அதன் பிறகு இலவணன் கதை வருகிறது, சம்புகன் கதை வருகிறது, இளன் கதை வருகிறது, வேள்வி வருகிறது. பிள்ளைகள் வளர்ந்து பாடகர்களாகி அரசவைக்கும் வந்துவிடுகிறார்கள். தாயைக் காணோம்! வேள்விச் சாலையிலே இராமனுக்குப் பக்கத்தில் பொன்னால் செய்த சீதை அமர்ந்திருக்கிறாள். அந்தப் பொற்பாவையிடம் எவரும் சத்தியம் கேட்கவில்லை. உயிரும் உணர்வும் உள்ளவள் வரும்போதுதான் சபை நடுவே சத்தியம் செய் என்கிறார்கள்.

இந்த வெற்றிடத்தில்தான் ஆசான் தம் காவியத்தை எழுப்பினார். அவர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு மாலைப்பொழுது. மைந்தர் இருவரும் வால்மீகியோடு அயோத்திக்குப் போயிருக்கிறார்கள். குடிலை ஒட்டிய தோட்டத்திலே, பூத்த வாகை மரத்தின் கீழே, புல்தரையிலே சீதை தனியே அமர்ந்திருக்கிறாள். கதிரவன் மறைந்ததையோ நிலவு எழுந்ததையோ அவள் அறியவில்லை. அசைவில்லை, அழுகையில்லை. காவியம் முழுவதும் அந்த அமர்ந்த நிலையிலேயே நடக்கிறது. (வாகை என்றால் தமிழனுக்கு வெற்றி நினைவுக்கு வரும். ஆசான் அப்படி எண்ணியிருப்பார் என்று நாம் வாதாட வரவில்லை. நமக்கு அப்படித் தோன்றிற்று, அவ்வளவே.)

அவள் சிந்தனை எப்படிச் செல்கிறது? எடுத்த எடுப்பிலேயே சினந்தெழவில்லை. இன்பமும் துன்பமும் வந்தவாறே போய்விடும் இயல்பை எண்ணுகிறாள். இலக்குவனை நினைக்கிறாள். அவனிடம் பண்டொரு நாள், பொன்மான் பின்னே இராமன் போன அந்த நாளில், தான் வீசிய கடுஞ்சொல்லை நினைந்து வருந்துகிறாள், மன்னிப்பு வேண்டுகிறாள். இது சிறு செய்தியன்று. பிறர் குற்றத்தை விசாரிக்கப் புகுமுன் தன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள் அவள். அரியணையில் இருந்தவன் செய்யாததை, புல்தரையில் இருந்தவள் செய்கிறாள்.

அதன் பிறகே வழக்கு தொடங்குகிறது. ஊர்வாய் எதையும் பேசும். அரசனுடைய செவிக்கு ஆராயும் கடமை இல்லையா? கருவுற்றவளைக் காட்டில் விடுவதற்குமுன் அவளிடம் ஒரு சொல் கேட்டானா? தன் புகழுக்கு மாசு வருமென்று அஞ்சியவன், அவள் பெயருக்கு நிலையான மாசு பூசுகிறோமே என்று எண்ணினானா? இவ்வாறு விரியும் விசாரணை ஓரிடத்தில் தன் துயரையும் தாண்டிவிடுகிறது. தவம் செய்த குற்றத்துக்காகத் தலை இழந்த சம்புகன் அவள் நினைவில் எழுகிறான்! நாம் இரண்டாம் முறை படித்தபோதுதான் இந்த இடத்தின் கனம் விளங்கியது. அந்தப்புரத்திலே இருந்தவரையில் அரசநீதியால் அடிபட்டவர் யாரென்று அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதே கையால் தானும் வெளியே தள்ளப்பட்ட பிறகுதான், முன்பின் அறியாத ஒரு சூத்திரத் தவசியின் சாவை அவளால் தன் வழக்கோடு சேர்த்து எண்ண முடிகிறது. காடு அவளுக்கு உணவும் நிழலும் கொடுத்ததோடு நிற்கவில்லை; தனக்கு நேர்ந்தது தன் ஒருத்தியின் தலைவிதி அன்று என்ற அறிவையும் கொடுத்தது. பெண்ணுக்கு வந்த கேட்டையும் சாதியால் வந்த கொலையையும் ஒரே மனத்தில் வைத்து எண்ணிய சீதையை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

இப்படி எண்ண வைத்தவர் யாரென்று பார்த்தால் வியப்பு குறையும். 1873-இல் அஞ்சுதெங்கை அடுத்த காயிக்கரையிலே, ஈழவர் குலத்திலே பிறந்தவர் குமாரன். நாராயண குருவின் மாணவர். பெங்களூரிலும் கல்கத்தாவிலும் வடமொழி பயின்றவர். 1903-இல் தோன்றிய ஸ்ரீ நாராயண தரும பரிபாலன யோகத்தின் முதற் செயலாளர். ஊர்ப்பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னதால் 'ஆசான்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1924 சனவரியில் பல்லனை அருகே படகு கவிழ்ந்து மாண்டார். அவர் மறைந்த இரண்டரை மாதத்துக்குள் வைக்கத்திலே போராட்டம் தொடங்கியது. எதற்கு? கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் அவர் குலத்தாரும் அவர்களை ஒத்தவர்களும் நடப்பதற்கு! அந்தப் போரிலே ஈரோட்டிலிருந்து பெரியார் சென்று சிறை புகுந்ததைத் தமிழர் அறிவர். சொந்த ஊர்த் தெருவே மூடப்பட்ட குலத்திலே பிறந்தவனுக்கு, நாட்டைவிட்டுத் துரத்தப்படுவது என்றால் என்னவென்று நூல் படித்தா தெரிய வேண்டும்?

நம் மொழியிலும் இந்தக் காயத்தைத் தொட்டவர் உண்டு. புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' கதையில், சீதையைத் தீயில் இறங்கச் சொன்ன செய்தி கேட்டு அகலிகை மீண்டும் கல்லாகிப் போகிறாள். அது பேரிடி போன்ற முடிவு. ஆனால் அங்கே அதிர்ந்தவள் அகலிகை. சீதை சிரித்துக்கொண்டே செய்தி சொல்பவளாகத்தான் வருகிறாள். ஆசானிடம் சீதையே தனக்காக எண்ணுகிறாள். வடமொழியில் காளிதாசன், இலக்குவன் வழியே இராமனுக்குச் செய்தி அனுப்பும் சீதையின் வாயில், கணவன் என்று சொல்லாமல் 'அரசன்' என்ற சொல்லை வைத்தான். ஊசிபோல் குத்தும் சொல்தான் அது. பவபூதியோ கடைசியில் இருவரையும் சேர்த்துவைத்து நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறான். அந்தச் சமாதானம் நமக்கு ஒட்டவில்லை.

இராமனைத் தூற்றுவதற்கென்றே ஆசான் எழுதினார் என்று எண்ணுவோரும் உண்டு. அவர்கள் பாதிக் காவியத்தோடு நூலை மூடிவிட்டவர்கள். சினம் ஆறியபின் சீதை இராமனின் தனிமையையும் எண்ணிப் பார்க்கிறாள். மணிமுடி அவனையும் கட்டிப்போட்டிருப்பதை உணர்கிறாள். இரக்கமும் கொள்கிறாள். ஆனால், இரங்கினாள் என்பதால் திரும்பிப் போக விரும்பினாள் என்று பொருளில்லை. நுட்பமே இங்கேதான் இருக்கிறது. இராமனிடம் மனத்தால் விடைபெறும்போது, அவன் தோளாகிய கிளையை விட்டெழுந்து, பற்றுக்கோடு ஏதுமின்றி வானில் அச்சமற்றுப் பறக்கப்போகும் பறவையாகத் தன்னைக் காண்கிறாள். மறுபடியும் மன்னன் முன் நின்று தூய்மைக்குச் சான்று காட்டி அரசியாக அமர வேண்டுமா, தான் என்ன பொம்மையா என்று தனக்குள் கேட்டு, அந்த எண்ணத்தையே உதறிவிடுகிறாள். கணவன் மேல் அன்பு இருக்கிறது. அவன் வீட்டிலே இடம் வேண்டாம். இந்த இரண்டும் ஒரு பெண் மனத்தில் ஒருங்கே இருக்கக்கூடும் என்று 1919-இல் எழுதினார் ஒருவர். இன்றும் நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் இதை விளக்கிச் சொல்ல முயன்று பாருங்கள், பாடு தெரியும்.

இத்தனை பாராட்டிய பின் நம் மனக்குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். முதலாவது, மொழி. வடமொழி யாப்பு, வடசொற் பெருக்கம். யாருக்காகச் சீதை பேசுகிறாளோ அந்தக் குடிசைப் பெண்ணுக்கு, எழுத்து தெரிந்தாலும் இந்தப் பாடல் எளிதில் எட்டாது. 1922-இல் 'துரவஸ்தை' எழுதியபோது ஆசானே எளிய நடைக்கு இறங்கி வந்தார். அந்த நடை மூன்றாண்டு முன்பே வந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் நமக்கு.

இரண்டாவது குறை பெரிது. காவியத்தின் முடிவு அது. முனிவர் அழைக்க, தலைகவிழ்ந்தவளாய்ச் சபைக்குள் வருகிறாள். பேசாமல் அருகே செல்கிறாள். கழிவிரக்கத்தால் வாடிய கணவன் முகத்தை ஒருமுறை காண்கிறாள். ஊரார் கண்முன் உயிர் விடுகிறாள். இவ்வளவுதான். தோட்டத்திலே அத்தனை பேசியவள் சபையிலே ஒரு சொல் பேசவில்லை! வழக்கு முழுவதும் வாகை மரத்துக்குத்தான் தெரியும். வழக்கிடப்பட்டவன் காதில் ஓர் எழுத்தும் விழவில்லை. முதல் முறை படித்து முடித்தபோது நூலைச் சினத்தோடு மூடினோம். இத்தனை சிந்தித்து என்ன பயன், அந்த அவையிலே ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா என்று நண்பரிடம் சண்டையே போட்டோம்.

நண்பர் வாதாடவில்லை. உத்தர காண்டத்தின் அந்த இடத்தை மறுபடி படித்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். படித்தோம். அங்கே சீதை பேசுகிறாள். கைகூப்பி, தலைகுனிந்து, இராமனைத் தவிர வேறொருவரை எண்ணியதில்லை என்பது உண்மையானால் பூமித்தாய் எனக்கு இடம் தரட்டும் என்று ஆணையிடுகிறாள். பூமி பிளக்கிறது, அரியாசனம் எழுகிறது, பூமாரி பொழிகிறது. அவையோர் கேட்டது சத்தியம். அவள் சத்தியத்தைக் கொடுத்தே போகிறாள். ஆசான் இந்த ஆணையை எடுத்துவிட்டார். பிளக்கும் நிலத்தையும் பூமாரியையும் எடுத்துவிட்டார். அந்த அவையில் ஒரு பெண்ணுக்கு அனுமதிக்கப்பட்டிருந்த ஒரே பேச்சு, 'நான் கெட்டவள் அல்லள்' என்பதுதான். அதைச் சொல்ல அவள் மறுத்துவிட்டாள். வேறு எதைச் சொன்னாலும் கேட்க அங்கே காது இல்லை.

இப்படிப் பார்த்தால் அந்த மௌனத்துக்கு ஒரு நியாயம் தெரிகிறது. ஆனாலும் நம் மனம் முழுவதும் ஆறிவிட்டதென்று சொல்லமாட்டோம். அவள் சாகாமல், வந்த வழியே திரும்பிக் குடிலுக்கு நடந்திருந்தால்? அந்த முடிவை எழுத ஆசானுக்கு மனம் வரவில்லையா, மரபு விடவில்லையா? பழங்கதையின் கடைசிப் படியை மட்டும் அவரால் தாண்ட இயலவில்லை என்றே நாம் கருதுகிறோம். சாவில் முடித்தால்தான் பெண்ணின் பெருமை நிலைக்கும் என்ற பழைய கணக்கிலிருந்து இத்தனை பெரிய கவிஞரும் முற்றும் விடுபடவில்லை. இதைச் சொல்வதால் அவர் புகழ் குறையாது.

சென்ற வாரம் அந்த மாணவியை அழைத்தோம். கதை முடியவில்லை, அன்று தவறாகச் சொல்லிவிட்டோம் என்று முதலில் ஒப்புக்கொண்டோம். பிறகு வகுப்பு முழுவதற்கும் கங்கைக் கரையையும், தோட்டத்தையும், வாகை மரத்தையும், சம்புகனையும், பேசாத சபைக் காட்சியையும் சொன்னோம். பையன்கள் சிலர், பூமி பிளக்கும் என்றல்லவா கேட்டிருக்கிறோம் என்று முணுமுணுத்தார்கள். அவள் முணுமுணுக்கவில்லை.

"தோட்டத்திலே தனியாகத்தானே இருந்தாள். அவள் நினைத்தது வெளியே எப்படி ஐயா தெரிந்தது?" என்றாள்.

ஒருவர் எண்ணிப் பார்த்து எழுதினார், அவரும் வாத்தியார்தான் என்றோம்.

"இது தேர்வுக்கு வருமா, ஐயா?"

"வராது."

அவள் குறிப்பேட்டைத் திறந்து, குமாரன் ஆசான், 1919 என்று எழுதிக்கொண்டாள்.