திருத்துவதற்கு முந்தைய எண்கள்

எட்டு மாதத்தில் மூன்று முறை வீல் அலைன்மென்ட் பார்த்தும் என் காரின் இடது முன் டயரைக் காப்பாற்ற முடியவில்லை. மூன்று முறையும் கணினித் திரையில் கட்டங்களெல்லாம் பச்சையான பிறகுதான் வண்டி மேடையை விட்டு இறங்கியது. வெளியிலிருந்து பார்க்க டயரில் பட்டன் நன்றாகவே இருந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்து, குனிந்து உள்விளிம்பைத் தடவிய அன்று விரலில் கம்பி குத்தியது. 18,000 கிலோமீட்டர்கூட ஓடாத டயர்.

அதன் பிறகுதான் இந்த அலைன்மென்ட் வழக்கத்தை உட்கார்ந்து யோசித்தேன். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர் கடைக்குப் போவது, சில நூறு ரூபாய் கொடுப்பது, அச்சிட்ட தாளை டாஷ்போர்டில் திணித்துவிட்டு மறப்பது. நம் ஊரில் கார் வைத்திருப்பவர் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறோம். இதில் நன்மை நிறைய இருக்கிறது. ஆனால் நாம் எதற்காகப் போகிறோமோ, அந்த இடத்திலேயே ஓட்டையும் இருக்கிறது.

முதலில் நன்மையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சின்ன விஷயமில்லை. சக்கரங்கள் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவைத்தான் டோ என்கிறோம். பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நிமிடம். ஒரு சக்கரம் வெறும் 10 நிமிடம் விலகி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 14 அங்குல ரிம்மில் அது 1 மில்லிமீட்டர் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கணக்குப் போட்டால், அந்தச் சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 3 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 29 கிலோமீட்டர் தூரம் ரப்பரைத் தார்ச் சாலையில் வைத்துத் தேய்த்ததற்குச் சமம். இந்த 1 மில்லிமீட்டரைப் பிடிக்க நல்ல கருவி வேண்டும். நான்கு சக்கரங்களிலும் பலகைகளை மாட்டி, வண்டியை ஓரிரு சாண் உருட்டி, கேமரா வழியே கணக்கிடும் 3டி இயந்திரம் அதைச் சில நிமிடங்களில் பிடித்துவிடுகிறது. உருட்டுவது சடங்குக்காக இல்லை. ரிம்மிலும் கிளாம்ப்பிலும் உள்ள கோணலை அளவிலிருந்து கழிப்பதற்காக. பழைய சென்சார் வகையில் இந்தப் படியை அவசரத்தில் விட்டுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்போது திரை காட்டுவதில் வண்டியின் கோணம் எவ்வளவு, ரிம்மின் கோணல் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

நூல் பிடித்துப் பார்த்த காலத்தில் பின்சக்கரங்களை எல்லோரும் கவனித்ததில்லை. பின் அச்சு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, அதனால்தான் நேர்ச்சாலையில் ஸ்டியரிங் கோணலாக நிற்கிறதா என்பதை இந்த இயந்திரம் சொல்கிறது. அந்த அளவில் இது பெரிய முன்னேற்றம்.

குறை எங்கே என்றால், இயந்திரம் அளப்பது நிற்கும் வண்டியை. டயரைத் தின்பது ஓடும் வண்டி. என் காரில், சக்கரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் இடது லோயர் ஆர்மின் பின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தது. பிரேக் மிதிக்கும்போது சாலை சக்கரத்தைப் பின்னால் தள்ளுகிறது; கிழிந்த ரப்பர் அதற்கு இடம் கொடுக்கிறது; ஆர்ம் நகர, சக்கரத்தின் முன்முனை வெளியே திரும்புகிறது. பிரேக்கை விட்டால் ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்துவிடும். மேடையில் ஏறி நிற்கும்போது அது நல்ல பிள்ளை. டோவைத் திருத்தும் டை ராடைக் கொஞ்சம் திருகினால் எண் பச்சையாகிவிடும். நோய் அப்படியே இருக்கும், அடையாளம் மட்டும் அழிந்துவிடும்.

முற்றிலும் அழிந்துவிடவில்லை என்பதைத் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். மூன்று தாள்களையும் டாஷ்போர்டிலிருந்து எடுத்து அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். திருத்திய பிறகான எண்கள் மூன்றிலும் ஒன்றுபோல அழகாக இருந்தன. திருத்துவதற்கு முந்தைய எண்களில் வலது சக்கரம் ஒவ்வொரு முறையும் வைத்த இடத்திலேயே இருந்தது. இடது மட்டும் 8 நிமிடம், 11 நிமிடம், 9 நிமிடம் என்று வெளிப்பக்கமாகவே விலகி வந்திருந்தது. பள்ளத்தில் ஒருமுறை விழுந்து கோணிய சக்கரத்தைச் சரிசெய்தால் அது நிற்க வேண்டும். திரும்பத் திரும்ப ஒரே பக்கம், ஒரே திசையில் விலகுகிறது என்றால் அங்கே ஏதோ ஒன்று பிடி தளர்ந்திருக்கிறது. நோயறிதல் முழுவதும் அந்த முதல் எண்களில் இருந்திருக்கிறது. நான் காசு கொடுத்ததும் அவர்கள் வேலை செய்ததும் இரண்டாவது எண்களுக்காக.

முதல் எண்களை நம்ப ஒரு நிபந்தனை உண்டு. அளக்கும்போது ஸ்டியரிங் வீல் நேராகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டு பக்க டோவும் சமமாக வரட்டும் என்று ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பி வைத்துவிட்டால் இடது, வலது வேறுபாடு கரைந்துபோகும்.

டயர் கடைக்காரரை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நம் ஊரில் கோணம் தெரிந்தவர் ஒரு கடையில் இருக்கிறார், மூட்டு தெரிந்தவர் வேறொரு பட்டறையில் இருக்கிறார். டயர் கடையில் டை ராட் எண்ட் கிடையாது. மெக்கானிக்கிடம் அளக்கும் கருவி கிடையாது. புஷ் போயிருக்கிறது என்று சொல்லி வண்டியைத் திருப்பியனுப்பினால் டயர் கடைக்கு அன்றைய கூலி நட்டம். மெக்கானிக் பக்கமும் இதே கதைதான்: கடகடவென்று சத்தம் வருகிறது என்றதும் லிங்க் ராட், ஷாக், மவுண்ட் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார், ஒருமுறைகூட அளக்காமல். அம்பாசிடர் காலத்தில் மூட்டுகளுக்குக் கிரீஸ் அடிக்க வேண்டியிருந்ததால், யாராவது ஒருவர் சில மாதங்களுக்கு ஒருமுறை வண்டிக்கு அடியில் போய்த்தான் ஆக வேண்டும். போனவர் எதையாவது அசைத்துப் பார்ப்பார். இன்றைய பால் ஜாயிண்டுகள் மூடி முத்திரையிட்டு வருகின்றன. கிரீஸ் வேண்டாம் என்றானதும் அந்தக் கண்ணும் வேண்டாம் என்றாகிவிட்டது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

பச்சை நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது ஒரு வரம்புக்குள் இருக்கிறது என்பதற்கான நிறம், அவ்வளவுதான். சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவான கேம்பருக்கு இருபுறமும் 45 நிமிடம் வரை அனுமதி என்றால், இடது சக்கரம் 30 நிமிடம் வெளியே சாய்ந்தும் வலது 30 நிமிடம் உள்ளே சாய்ந்தும் நிற்கும்போதுகூட இரண்டும் பச்சைதான். ஆனால் இடையில் ஒரு முழுப் பாகை வேறுபாடு. வண்டி இடது பக்கம் இழுக்கும். அப்புறம் ஓட்டுநர் வந்து இழுக்கிறது என்றால், தாளைக் காட்டி, சாலைச் சரிவு என்பார்கள். இடப்பக்கம் ஓட்டும் நம் சாலைகளில் ஓரத்தை நோக்கிய சரிவு உண்மையிலேயே வண்டியை லேசாக இடதுக்கு நகர்த்தும் என்பதால் அந்தப் பதிலை மறுப்பதும் கடினம். முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டினால் தெரிந்துவிடும்: இழுக்கும் திசையும் மாறினால் குற்றம் டயருடையது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் காலிப்பரையும் புஷ்ஷையும் பார்க்க வேண்டும். 80, 90 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் பேலன்சிங்கில் தொடங்க வேண்டும். அலைன்மென்டுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

இந்த வழக்கத்தில் நான் ஏற்கவே முடியாத ஒரு பகுதி, கேம்பர் கரெக்‌ஷன் என்று தனிக் காசு வாங்கிச் செய்யும் வளைப்பு வேலை. நம் சிறிய கார்களில் பெரும்பாலும் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். 1950களின் தொடக்கத்தில் ஃபோர்டு கன்சலில் வந்து உலகமெங்கும் பரவிய அமைப்பு. மலிவு, இடம் அடைக்காது. பதிலாக, பல கார்களில் கேம்பரையும், ஸ்டியரிங் அச்சு முன்பின்னாகச் சாயும் அளவான காஸ்டரையும் திருகி மாற்ற வழி கிடையாது. டோ மட்டுமே கைக்கு எட்டும். ஸ்ட்ரட்டை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு பிணைக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, துளையில் இருக்கும் இடைவெளிக்குள் நகர்த்துவது நியாயம். ஹைட்ராலிக் ஜாக்கி வைத்து நெம்பி வளைப்பது, கேம்பர் ஏன் மாறியது என்ற கேள்வியையே வளைத்துவிடுகிறது. அதே இயந்திரம் ஸ்டியரிங் அச்சின் சாய்வையும் காட்டும். அதையும் கேம்பரையும் கூட்டி இரு பக்கத்தையும் ஒப்பிட்டால், வளைந்தது ஸ்ட்ரட்–நக்கிள் பகுதியா, அல்லது அதைத் தாங்கும் சட்டமே நகர்ந்துவிட்டதா என்று பிரித்தறியலாம். திரையில் அந்த அளவுகள் உள்ள பக்கத்தைத் திறந்து காட்டிய கடை எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

என் புஷ்ஷைக் கண்டுபிடித்தவர் பட்டறையில் இருந்த வயதான மெக்கானிக். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். பால் ஜாயிண்டிலும் பேரிங்கிலும் ப்ளே இல்லை. இடமும் வலமும் ஆட்டினார்; டை ராடும் சரி. பிறகு லிவரை ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே கொடுத்து நெம்பினார். "சார், இங்க வந்து பாருங்க, ரப்பர் வாய் பிளந்து நிக்குது" என்றார். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. புதிய புஷ் போட்டபோதும், வண்டியை இறக்கிச் சக்கரத்தில் எடை வந்த பிறகே போல்ட்டைக் கடைசியாக முறுக்கினார். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே வாழ்ந்து சீக்கிரம் கிழியும் என்றார்.

அங்கிருந்து மறுபடியும் டயர் கடைக்கே போனேன். மூட்டு சரியான பிறகு கோணத்தை வைக்க அந்த இயந்திரம்தான் வேண்டும். 6,000 கிலோமீட்டர் கழித்துத் திரும்பப் போய், திருத்த வேண்டாம் அண்ணே, அளந்து மட்டும் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் விநோதமாகப் பார்த்தார், ஆனால் அளந்தார். இடது சக்கரம் வைத்த இடத்திலிருந்து ஒரு நிமிடம்தான் நகர்ந்திருந்தது. அந்தத் தாளைப் பழைய மூன்றோடு சேர்த்துப் பின் குத்தி வைத்திருக்கிறேன்.